ஐந்து ரூபாயின் எதிர் விளிம்பு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே, சந்தைக்குத் திரும்பும் வழியில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஆறடிக்கு எட்டடி. உள்ளே ஒரு மேசை, சாலிடரிங் சாமான்கள், சூடான காற்று ஊதும் கருவி, ஒரு மைக்ரோஸ்கோப். மைக்ரோஸ்கோப்தான் கடையிலேயே விலை கூடிய பொருள். போனின் போர்டில் எறும்பின் கால் அளவுக்கு இருக்கும் பாகங்களைக் கழற்றி மாட்ட அது இல்லாமல் முடியாது. அதில் ஒரு கேமரா பொருத்தியிருப்பதால் நான் பார்ப்பதை எதிரே இருப்பவரும் திரையில் பார்க்கலாம். கடல் தண்ணீரில் விழுந்த போனைத் திறந்து, உள்ளே பச்சை பூத்துக் கிடப்பதைக் காட்டிவிட்டால் கூலிக்கு யாரும் பேரம் பேசுவதில்லை.

நாணயம் பார்க்க நான் கற்றுக்கொண்டது ஏமாந்த கோபத்தில். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு இணையத்தில் பத்து ரூபாய் நாணயம் ஒன்று வாங்கினேன். வெளிவளையம் ஒழுங்காக இருக்கும், நடுவில் உள்ள வெள்ளைத் தகடு மட்டும் தலைகீழாகத் திரும்பியிருக்கும். நாணயம் அடிக்கும் அச்சாலையில் நடந்த தவறு, அபூர்வம் என்று எழுதியிருந்தார்கள். எழுநூறு ரூபாய் கொடுத்தேன். வந்த அன்றைக்கே மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தேன். வளையமும் தகடும் சேரும் இடத்தில் சுற்றிலும் சின்னச் சின்னக் குழிகள். யாரோ நடுத்தகட்டைத் தட்டி வெளியே எடுத்து, திருப்பி வைத்து, மறுபடியும் சுத்தியலால் அடித்து இறக்கியிருந்தார்கள். அதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதற்குப் பிறகு ஒரு வருடம், கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் இதையே படித்தேன். நாணயம் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். படித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஒரு நாணயத்தில் குறை இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. அந்தக் குறை எப்போது வந்தது என்பதுதான் கேள்வி. அச்சு விழுவதற்கு முன்பா, விழும்போதா, அல்லது நாணயம் வெளியே வந்து ஊரெல்லாம் சுற்றிய பிறகா? முதல் இரண்டும் அச்சாலைப் பிழை. சேகரிப்பவர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள். மூன்றாவது வெறும் சேதம். எழுத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு ஓடினால் அது எழுத்துக்குப் பிறகு வந்த கீறல். அதே எழுத்தின்மேல் உலோகம் மேடாக ஒரு கோடு போல எழும்பி நின்றால், அச்சுக்கட்டையில் விரிசல் விழுந்து, அதற்குள் உலோகம் ஏறியிருக்கிறது. அந்த மேட்டைப் பிறகு யாரும் உண்டாக்க முடியாது. ஒரு நாணயத்தின்மேல் இன்னொன்றை வைத்துப் பட்டறை இடுக்கியான வைஸில் இறுக்கினால் இடவலம் மாறிய எழுத்து பதியும். பார்க்க அபூர்வம் போலத்தான் இருக்கும். ஆனால் பதிந்த இடத்தில் பழைய எழுத்து நசுங்கிச் சப்பையாகக் கிடக்கும்.

இப்படி நான் பார்ப்பது எப்படியோ வெளியே தெரிந்து, ஆட்கள் வரத் தொடங்கினார்கள். லட்சக்கணக்கில் விலை சொல்லும் வீடியோக்கள் அப்போது எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தன. பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, வயலில் உழும்போது கிடைத்ததென்று கறுத்துப்போன ஒரு ரூபாயைக் கொண்டுவந்தார். சேற்றில் பல வருடம் கிடந்து அரித்தது. எழுத்துகள் தேய்ந்திருந்ததைப் பார்த்து, அச்சு சரியாக விழாத நாணயம் என்று நினைத்திருந்தார். திரையில் காட்டினேன். மேற்பரப்பு முழுக்கச் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அச்சு பலவீனமாக விழுந்திருந்தால் எழுத்து மங்கலாக இருக்குமே தவிரத் தகடு வழவழப்பாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. "செரி, பஸ்ஸுக்காவது ஆவும்" என்று பையில் போட்டுக்கொண்டார்.

யாரிடமும் காசு வாங்கியதில்லை. ஆனால் 'இல்லை' என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் பார்ப்பதற்கு முன்பே இல்லை என்று மனதில் விழுந்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சேதம்தான் என்ற நினைப்பு. என் கண்ணைக் கெடுத்தது அதுதான்.

அந்த அக்கா வந்தது ஒரு முற்பகல். கடியப்பட்டணத்திலிருந்து சந்தைக்கு மீன் கொண்டுவருகிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். காலி அலுமினியச் சருவத்தைக் கடை வாசலில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"பிள்ளே, காசு பாத்து வெலை சொல்லுதது நீதானா?"

"வெலை எல்லாம் தெரியாதுக்கா. நல்லதா கெட்டதான்னு சொல்லுவேன்."

"அது போரும்." இடுப்புப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். "எம் மருமொவ போன்ல ஒரு படம் காட்டினா. ஓரம் போன அஞ்சு ரூவாய்க்கு லெச்சம் லெச்சமா குடுப்பானாம். எங்கிட்ட அந்த மாதிரி ஒண்ணு கெடக்கு, வருசக் கணக்கா. எவனும் வாங்க மாட்டேங்கான்."

பழைய கனமான ஐந்து ரூபாய். ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு துண்டு இல்லை. மீன் வாடையோடு, உப்பு ஏறிப் பச்சையும் கறுப்புமாகப் படலம் பிடித்திருந்தது. இப்படி ஓரம் போன நாணயத்தைச் சேகரிப்பவர்கள் கிளிப் என்பார்கள். நீளத் தகட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டி எடுக்கும்போது, தகடு சரியாக நகராவிட்டால், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் அடுத்த வெட்டு விழும். அந்த வட்டத்தில் ஒரு கடி குறையும். அதன்மேல் அச்சு விழுந்தால் உண்மையான கிளிப். வீட்டில் யாராவது வெட்டினாலும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும்.

அன்று மேசையில் ஒரு போன் திறந்து கிடந்தது. அதன் சொந்தக்காரர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாணயத்தை வைத்து, வெட்டின ஓரத்தை மட்டும் பார்த்தேன். ஒரே திசையில் நான்கைந்து கோடுகள். அரம் போட்ட தடம். சந்தேகமே வரவில்லை. வழக்கம்போல நாணயம் முழுக்கத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு நாணயத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இது யாரோ வெட்டி, அரம் போட்டதுக்கா. கெட்டுப்போன காசு."

"அப்ப ஒண்ணும் கெடைக்காதா?"

"அஞ்சு ரூவாய்க்கே யாரும் எடுக்கமாட்டாங்க. முதல்ல அழுக்கு போணும்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் யோசிக்காமல் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுச் சருவத்தை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மூன்று வாரம் கழித்து, சேதமான நாணயங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று குழுவில் எழுதலாம் என்று தோன்றியது. எடுத்து வைத்திருந்த படங்களில் பத்தைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே காரணம் எழுதிப் போட்டேன். ஐந்து ரூபாய்க்குக் கீழே 'வெட்டி அரம் போட்டது' என்று எழுதினேன். பாராட்டி நிறையப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அன்று சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரே வரியில் கேட்டார். 'நாலாவது படத்தில், வெட்டுக்கு நேர் எதிரே இருக்கும் விளிம்பைப் பார்த்தீர்களா?'

நான் பார்த்திருக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினேன். நாணயத்தைச் சுற்றி வரம்பு மாதிரி உயர்ந்து ஓடும் விளிம்பு, வெட்டுக்கு நேர் எதிரே வரும்போது மட்டும் மெலிந்து, ஏறக்குறைய காணாமல் போய், பிறகு மறுபடியும் எழுந்தது.

இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அச்சு விழுவதற்கு முன்னால், வெறும் தகடாக இருக்கும்போதே, இரண்டு பக்கமும் இறுக்கி உருட்டி விளிம்பை எழுப்புவார்கள். ஒரு பக்கத்தில் துண்டு குறைந்திருந்தால் அந்த இடத்தில் இறுக்கிப் பிடிக்க எதுவும் இருக்காது. ஆகவே நேர் எதிர்ப்பக்கத்திலும் இறுக்கம் கிடைக்காமல் விளிம்பு எழும்பாது. வீட்டில் வெட்டுகிறவன் எழும்பி முடிந்த விளிம்பில்தான் வெட்டுவான். எதிர்ப்பக்கம் அப்படியே இருக்கும். கிளிப் என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடமே எதிர் விளிம்புதான். புத்தகத்தில் படித்து, கோடு போட்டு வைத்திருந்தேன். கோடு போட்ட ஆளுக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் கடையைத் திறப்பதற்கு முன் சந்தைக்குப் போனேன். அந்த அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மீன் விற்கும் பெண்களிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். சாளை கூறு வைத்துக்கொண்டிருந்த ஒருவர், "அவ வாறதில்லியே. கெளுத்தி முள்ளு குத்தி காலு வீங்கிக் கெடக்கா. நீ யாரு, பைனான்ஸா?" என்று கேட்டார். இல்லை, செல்போன் கடை என்றேன். அதற்குப் பிறகுதான் வழி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் திங்கள்சந்தை வழியாகப் பேருந்து மாறிக் கடியப்பட்டணம் போய்ச் சேர்ந்தேன். கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது தெரு. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"காசு பாக்குத பிள்ளையா? இவ்வளவு தூரம் வந்திருக்கே? ஏட்டி, ஒரு சாயா போடு" என்று உள்ளே மருமகளைப் பார்த்துச் சொன்னார்.

சாயா வரும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, அந்த அஞ்சு ரூவா உங்க கையில இருக்கா?"

"இருக்கு. என்னத்துக்கு?"

"நான் சொன்னது தப்புக்கா. அது அச்சாலையிலேயே துண்டு குறஞ்சு வந்தது. நல்ல காசு."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மருமகளிடம் எடுத்து வரச் சொன்னார். மருமகள் சாயாவோடு நாணயத்தையும் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். வேறு நாணயமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை. வெளிறி, இடையிடையே செம்பு நிறம் எட்டிப் பார்க்க, சாம்பல் தேய்த்த பாத்திரம் மாதிரி செத்துப்போன ஒரு நிறம்.

"என்னக்கா செஞ்சிய?"

"நீ அழுக்கு போணும்னு சொன்னேல்லா? பாத்ரூம் களுவுத ஆசிட்ல ஒரு நாள் போட்டு வச்சேன். பெறவு மண்ணு வச்சுத் தேச்சேன். தேச்ச பெறவும் கண்டக்டர் வாங்க மாட்டேன்னுட்டான்."

நான் சாயா தம்ளரைக் கீழே வைத்தேன். ஒரு உண்மையான பிழை நாணயம், என் வார்த்தையைக் கேட்டு, சேதமான நாணயமாக மாறியிருந்தது. சேகரிப்பவர்கள் எதை மன்னித்தாலும் சுத்தம் செய்ததை மன்னிக்க மாட்டார்கள். அழுக்கோடு இருந்திருந்தால் மூவாயிரம்வரைகூட போயிருக்கும். இனி அதில் பாதி கிடைத்தாலே பெரிது. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்தது. வரவேண்டிய கோபம்தான்.

"அவ்வளவு பெரிய கண்ணாடிய வச்சுப் பாத்துட்டு இல்லன்னு சொன்னியே மக்கா. எனக்குத்தான் தெரியாது. உனக்குத் தெரியாதுன்னா, தெரியல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? நான் அப்பிடியே கொண்டு வச்சிருப்பேனே."

"ஆமாக்கா. தப்பு என்மேலதான். ஓரத்துல அரம் போட்ட கோடு இருந்துது. அதப் பாத்து ஏமாந்துட்டேன்."

"அது எம் மாப்பிள ராவினதுல்லா! ஓரம் கூரா இருந்து பைய கிழிக்குதுன்னு நான்தான் அவர ராவச் சொன்னேன். அத நீ கேட்டியா எங்கிட்ட?"

கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்கவில்லை. இந்தக் கோடு எப்படி வந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், கணவர் அரத்தால் தேய்த்தது என்று சொல்லியிருப்பார். செல்போனை எடுத்துக்கொண்டு யார் வந்தாலும், எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, சார்ஜ் போட்டீர்களா என்று ஆறு கேள்வி கேட்கிறவள் நான். நாணயத்தோடு வந்தவரிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மருமகள் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். பிறகு அந்த அக்காவே, "செரி, அது நல்லதுன்னு நீ எப்பிடிச் சொல்லுத? எனக்கும் காட்டு" என்றார்.

பையில் கைலென்ஸ் வைத்திருந்தேன். வெயிலில் பிடித்து எதிர் விளிம்பைக் காட்டினேன். பிறகு வெட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஆங்கில எழுத்துகளைக் காட்டினேன். வீட்டில் வெட்டியிருந்தால் எழுத்து பாதியில் நறுக்கென்று அறுந்திருக்கும். இதில் கடைசி இரண்டு எழுத்தும் வெட்டை நோக்கி இழுபட்டு, மெலிந்து, கரைந்து போயிருந்தன. அச்சு விழும்போது அங்கே உலோகம் குறைவாக இருந்ததால் எழுத்து நிரம்பவில்லை. ஆசிட் படலத்தை எடுத்துவிட்டிருந்ததால் அது முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடி, அவர் வெகுநேரம் பார்த்தார். மருமகளையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

"செரிதான். எழுத்து வழுக்கிட்டுப் போவுது பாத்தியா" என்று அவளிடம் சொன்னார். என்னிடம், "இனி என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி இருந்தது. வெளியூர் வியாபாரிகள் மேசை போட்டு உட்காருவார்கள். அவருக்கு அதற்குள் கால் ஆறிவிட்டது. வெளுத்த சேலை உடுத்து, நாணயத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். நான் விற்றுத் தருகிறேன் என்றதற்கு, "நீ பேசண்டாம். அரம் கோட்டையும் ஆசிட்டையும் நீயே மொதல்ல சொல்லிருவ" என்றார். "சொல்லத்தான்க்கா வேணும்" என்றேன். "நானே சொல்லுவேன். வெலை கேட்ட பெறவு சொல்லுவேன்" என்றார் அவர்.

முதல் மேசையில் இருந்தவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். அவர் நாணயத்தைத் திருப்பி, முதலில் எதிர் விளிம்பைத்தான் பார்த்தார். நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"கிளிப் ஒரிஜினல்தாம்மா. ஆனா கிளீன் பண்ணிட்டீங்களே. முந்நூறு தரலாம்."

அக்கா நாணயத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே விற்கவில்லை, கண்ணாடிக்கு அடியில் இருந்த ஒரு கிளிப் நாணயத்தைக் காட்டி, வாங்குகிறவர் மாதிரி விலை கேட்டார். சின்னக் கடி, இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார்கள். இன்னும் ஒரு மேசையிலும் கேட்டார். பிறகு முதல் மேசைக்கே திரும்பி வந்தார். குளச்சல் துறைமுகத்தில் ஏலத்தில் நின்று மீன் எடுத்தவருக்கு, யார் வாங்குவார் யார் வெறுமனே கேட்பார் என்று தெரிந்திருக்கிறது.

"அங்க இதுக்கப் பாதி கடிக்கு ரெண்டாயிரத்து அஞ்ஞூறு சொல்லுதான்."

"அது சுத்தமா இருக்கும்மா."

"அதாவது, ஆசிட் போடாதது."

"ஆமா."

"ஆசிட் நான் போட்டதுதான். ஓரத்துல ராவினது எம் மாப்பிள. ரெண்டும் மறைக்கல்ல. ஆனா மிசினு செஞ்சத ஆசிட் தின்னுட்டா? எழுத்து வழுக்கிப் போறது அப்பிடியே கெடக்கா இல்லியா, நல்லாப் பாத்துச் சொல்லும்."

வியாபாரி சிரித்துவிட்டார். மறுபடியும் லென்ஸை எடுத்தார். ஐந்நூறு என்றார். அக்கா நாணயத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, ஆயிரத்து ஐந்நூறு என்றார். பிறகு நடந்தது எனக்குச் சரியாகப் பின்தொடர முடியாத வேகத்தில் நடந்தது. ஆயிரத்து நூறில் முடிந்தது. நான் பேசியிருந்தால் முந்நூறைத் தாண்டியிருக்காது.

வியாபாரி நாணயத்தைச் சதுர அட்டையில் வைத்து, ஓரத்தில் பேனாவால் எழுதினார். என்ன எழுதுகிறார் என்று அக்கா கேட்டார். 'கிளிப், சுத்தம் செய்யப்பட்டது' என்று வாசித்துக் காட்டினேன். "உள்ளதத்தான் எழுதியிருக்கான்" என்றார்.

வெளியே வந்து சர்பத் குடித்தோம். அவர்தான் வாங்கிக் கொடுத்தார். நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும், "போரும் பிள்ளே, எத்தன தடவ சொல்லுவ" என்று நிறுத்தினார். கோபம் முழுக்கப் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. பேருந்தில் ஏறும்போது, பணத்தைக் கொண்டு கணவருக்குப் புது டார்ச் வாங்கப்போவதாகச் சொன்னார். கட்டுமரத்தில் போகும்போது பழையது அணைந்து அணைந்து எரிகிறதாம்.

அன்றிலிருந்து கடையில் இரண்டு மாற்றம். நாணயத்தோடு யார் வந்தாலும் முதலில் கேள்வி கேட்கிறேன்: எங்கே கிடைத்தது, எத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள், யாராவது எதையாவது செய்தார்களா. இரண்டாவது, கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள் என்று எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். குழுவில் போட்ட நான்காவது படத்துக்குக் கீழே திருத்தமும் எழுதினேன், யார் கண்டுபிடித்தார் என்பதையும் சேர்த்து.

போன வாரம் கடியப்பட்டணத்திலிருந்து ஒரு பெண் வந்தார். மீன்கார அக்கா அனுப்பியதாகச் சொன்னார். பேப்பரில் பத்து சுற்றுச் சுற்றி ஒரு இரண்டு ரூபாய் கொண்டுவந்திருந்தார். அகலமாக, மெலிதாக, எழுத்துகள் ஒரு பக்கமாக இழுபட்டு இருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். இரணியல் ஸ்டேஷன் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கொடுத்தது என்றார். திரையில் காட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே திசையில் தேய்ந்திருந்தது, விளிம்பே இல்லை.

"தண்டவாளத்துல வச்சது. ரயில் ஏறியிருக்கு" என்றேன்.

"நல்லாப் பாத்தியளா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித்தான் அக்கா அனுப்பியிருப்பார் போலும். நாணயத்தைத் திருப்பி வைத்து, ஓரம் முழுக்க ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பாத்தேன்" என்று சொன்னேன்.